தொட்டிக்குள் ஒரு மரக்கட்டை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மீன் தொட்டியில் டிரிஃப்ட்வுட் எனும் அலங்கார மரக்கட்டை வைப்பது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. கட்டையை வாங்கிய அன்றே தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, மறுநாளிலிருந்து கவலைப்படுகிறார்கள். அந்தக் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்வோம்.

சென்னை கொளத்தூரில் வாங்கி வந்த கட்டை பத்து நாளாக வாளியில் ஊறியும் மிதக்கிறது. இன்னும் எத்தனை நாள் ஊறவைப்பது?

எந்த மரம் என்பதைப் பொறுத்தது. மலேசியன் டிரிஃப்ட்வுட் என்று விற்கும் கரும்பழுப்புக் கட்டை பெரும்பாலும் போட்டவுடனே மூழ்கிவிடும். ஸ்பைடர் வுட் எனும் மெல்லிய கிளைக் கொத்து வாரக்கணக்கில் மிதக்கும், சில சமயம் ஒன்றிரண்டு மாதம்கூட ஆகும். கட்டைக்குள் இருக்கும் காற்று வெளியேறி அந்த இடத்தில் தண்ணீர் ஏற வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

கொதிக்க வைத்தால் வேகமாகும். ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்தபின் கட்டையை அதே தண்ணீரில் முக்கியபடியே ஆறவிடுங்கள். சூட்டில் விரிந்து வெளியேறிய காற்றின் இடத்துக்கு, ஆறும்போது தண்ணீர் இழுக்கப்படும். சூடாக வெளியே எடுத்து வைத்தால் பாதிப் பலன் போய்விடும். கொதிக்கும் கட்டையை நேராகக் கண்ணாடித் தொட்டியில் வைக்காதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் கல்லில் கட்டுங்கள். எவ்வளவு கல்? கட்டை பாதி வெளியே தெரிய மிதக்கிறது, எடை 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை முழுதாக மூழ்கடிக்க இன்னும் 1 கிலோ அழுத்தம் வேண்டும். ஆனால் தண்ணீருக்குள் கிரானைட் தன் எடையில் சுமார் 62 சதவீதத்தைத்தான் காட்டும். ஆக 1.6 கிலோ கல்லில் கட்டை அசையாமல் நிற்கும், 2 கிலோ வைத்தால் நிம்மதி. கிரானைட் கடையில் கிடைக்கும் வெட்டுத் துண்டில் 6 மி.மீ. துளை போட்டு வாங்குங்கள். கட்டையில் 3 மி.மீ. துளையிட்டு, கீழிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, கல்லை மணலில் புதைத்துவிடலாம். இரும்பு ஆணி துருப்பிடிக்கும். செம்புக் கம்பி இறாலையும் நத்தையையும் கொல்லும். ஜிஐ கம்பியில் துத்தநாகப் பூச்சு இருப்பதால் அதுவும் வேண்டாம். கடப்பா கல் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அது சுண்ணாம்புக் கல் வகை, மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும். சந்தேகமிருந்தால் கல்லை ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கட்டை வைத்து ஐந்தாம் நாள் அதன்மேல் வெள்ளையாக, சளி போல வழவழப்பாகப் படிந்திருக்கிறது. விஷமா?

விஷமில்லை. கட்டையில் மிச்சமிருக்கும் சர்க்கரையையும் சாறையும் தின்று வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம் அது. புதுக் கட்டையில் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் சாப்பாடு தீர்ந்ததும் தானே மறையும். கண்ணுக்கு உறுத்தினால் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது பழைய பல் துலக்கியால் தேய்த்து, உதிர்ந்ததை சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். மோலி மீன், நத்தை, இறால் இருந்தால் வேலை மிச்சம், விரும்பித் தின்னும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். படலத்துக்கு அடியில் கட்டை உறுதியாக இருக்கிறதா? நகத்தால் அழுத்தினால் பஞ்சு போல உள்ளே போனால் அது மக்கிய மரம். தேய்ப்பதில் பயனில்லை, எடுத்துவிட வேண்டியதுதான்.

தண்ணீர் பால் விடாத டீ மாதிரி ஆகிவிட்டது. மீனுக்குக் கெடுதலா?

கெடுதலில்லை. அது டானின், டீத்தூளில் இருக்கும் அதே துவர்ப்புச் சரக்கு. கார்டினல் டெட்ரா மீன் வாழும் தென் அமெரிக்க ரியோ நீக்ரோ ஆற்றின் பெயருக்கே 'கறுப்பு ஆறு' என்றுதான் பொருள். அங்கே தண்ணீர் எப்போதும் இப்படித்தான். பெட்டா மீன் வளர்ப்பவர்கள் நாட்டு வாதுமைச் சருகைத் தொட்டியில் போடுவதும் இந்த டானினுக்காகத்தான். செடி நிறைந்த தொட்டியில் மட்டும் வெளிச்சம் அடிவரை போகாது.

நிறம் பிடிக்கவில்லை என்றால் வாரம் 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடித் தொட்டி கணக்கில் சுமார் 57 லிட்டர் பிடிக்கும். அதன் ஃபில்டருக்குள் 50 முதல் 75 கிராம் ஆக்டிவேட்டட் கார்பனைத் துணிப்பையில் கட்டி வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் அதன் உறிஞ்சும் சக்தி போய்விடும், கழுவி மறுபடி வைப்பது வீண். மீனுக்கு மருந்து போடும் நாட்களில் கார்பனை வெளியே எடுத்துவிட வேண்டும், மருந்தையும் அது விழுங்கிவிடும்.

தோட்டத்தில் வெட்டிப் போட்ட மரத்தையே பயன்படுத்தலாமா? எந்த மரம் ஆகும், எது ஆகாது?

நம் ஊரில் முதல் தேர்வு கொய்யா. கெட்டியான மரம், கிளைகள் அழகாக முறுக்கிக்கொண்டிருக்கும், பட்டை எளிதில் உரியும். ஆனால் பச்சையாக வெட்டியது வேண்டாம். மழை படாத இடத்தில் குறைந்தது ஆறு மாதம் காய வேண்டும். ஒரு சின்னக் கிளையை ஒடித்துப் பாருங்கள். 'படக்' என்று முறிந்தால் காய்ந்தது, வளைந்து நார் நாராகப் பிரிந்தால் இன்னும் உள்ளே சாறு இருக்கிறது.

பட்டையை ஒரு துளிகூட விடாமல் உரித்துவிடுங்கள். தண்ணீரில் முதலில் மக்குவது பட்டைதான். அதன் அடியில்தான் அழுக்கு தேங்கும்.

தவிர்க்க வேண்டியவை: பால் வடியும் மரங்கள் எல்லாம் (எருக்கு, கள்ளி, அரளி). வேம்பு, ஏனென்றால் பூச்சிகளைக் கொல்லும் அதன் கசப்பு இறாலையும் விடாது. எண்ணெய் நிறைந்த தைல மரம். பிசின் கசியும் பைன் பேக்கிங் பலகை. மாமரத்தின் பாலும் காரமானது, அதையும் விட்டுவிடலாம். மூங்கில் பார்க்க அழகுதான், ஆனால் கணுவுக்குள் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து அழுகும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்து மரமும், பெயின்டோ வார்னிஷோ கண்ட மரமும் எந்த வகையானாலும் ஆகாது.

கடற்கரையில் ஒதுங்கிய கட்டை?

உப்பு ஒரு பிரச்சினை, அடையாளம் தெரியாதது இன்னொன்று. கடலூர், பிச்சாவரம் பக்கம் ஒதுங்குவது தில்லை மரமாகவும் இருக்கலாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்பார்கள். தெரியாத மரமென்றால் விட்டுவிடுங்கள். கண்டல் காட்டிலிருந்தோ வனப்பகுதியிலிருந்தோ கட்டை எடுத்து வருவது சட்டப்படியும் தவறு.

மரம் தெரிந்தது, கெட்டியானது என்றால் உப்பைப் போக்கலாம். பெரிய டிரம்மில் முக்கி, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். அளக்க டிடிஎஸ் மீட்டர் போதும். குழாய்த் தண்ணீர் 400 காட்டுகிறது, கட்டை ஒரு நாள் ஊறிய தண்ணீர் 600 காட்டுகிறது என்றால் உப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வித்தியாசம் 20க்குள் இறங்கி, மூன்று நாள் தொடர்ந்து அப்படியே நின்றால் தொட்டிக்குத் தயார்.

அமிலத் தண்ணீர் விரும்பும் டிஸ்கஸ் மீன் வளர்க்க ஆசை. போர் தண்ணீரின் பிஹெச் 8.2. பெரிய கட்டை இரண்டு வைத்தும் இறங்கவே இல்லை. ஏன்?

கட்டை வெளிவிடுவது வலுவில்லாத அமிலம். உங்கள் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், அந்த அமிலம் வர வர அதை விழுங்கிவிடுகிறது. கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) டெஸ்ட் கிட்டில் பாருங்கள், அநேகமாக 8க்கு மேல் இருக்கும். அந்த அளவில் கட்டையால் நிறம்தான் மாறும், பிஹெச் மாறாது. கேஎச் 2 அல்லது 3 இருக்கும் தண்ணீரில் அதே கட்டை பிஹெச்சைக் கண்ணுக்குத் தெரியக் குறைக்கும்.

வழி ஒன்றுதான்: தண்ணீரையே மாற்றுவது. ஆர்ஓ தண்ணீரும் போர் தண்ணீரும் சரிபாதி கலந்தால் கேஎச் ஏறக்குறைய பாதியாகும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மறந்தும் ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. உள்ளே மீன் இருந்தால் ஒரே நாளில் முழுத் தண்ணீரையும் மாற்றாமல், சில வாரங்களில் படிப்படியாகக் கொண்டுபோங்கள். இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்று தோன்றினால், கப்பியும் மோலியும் உங்கள் போர் தண்ணீரிலேயே சந்தோஷமாக இருக்கும், கட்டையோடும் சேர்த்து.

கட்டை வைத்த மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. இரண்டு செத்துவிட்டன. கட்டையில் விஷமா?

இருக்கலாம், ஆனால் முதலில் வேறு இரண்டைச் சோதியுங்கள். கட்டை வைக்கும் சாக்கில் தொட்டியையே காலி செய்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவினீர்களா? மெட்ரோ தண்ணீரை குளோரின் நீக்கும் மருந்து விடாமல் நேராக நிரப்பினீர்களா? இரண்டுமே மீனைக் கொல்லும். பழி கட்டைமேல் விழும்.

இரண்டும் இல்லை, தண்ணீர் வெண்மையாகக் கலங்கியிருக்கிறது என்றால், கட்டையின் சாறைத் தின்று பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைக் குடித்துவிட்டது. விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும், அதனால்தான் காலையில் மேலே வருகின்றன. ஏர் பம்பை இராப்பகலாக ஓட விடுங்கள், 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், கட்டையை வெளியே எடுத்து இன்னும் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீரில், கொதிக்க வையுங்கள். பாத்திரத்தில் அடங்காத கட்டையை ஒரு பாதி, மறு பாதி என்று திருப்பிப் போட்டுக் கொதிக்க வைக்கலாம். பிரஷர் குக்கரில் வைக்காதீர்கள். சமையல் பாத்திரத்தையும் இதற்கு எடுக்காதீர்கள்.

அனுபியாஸ் செடியைக் கட்டையில் ஒட்டினேன், தண்டு அழுகிவிட்டது.

படுக்கைவாட்டில் ஓடும் அந்தத் தடித்த தண்டின் மேலேயே பசையைப் பூசியிருப்பீர்கள். தண்டுக்கு மூச்சு வேண்டும், மணலிலும் புதைக்கக் கூடாது. ஜெல் வகை சூப்பர் க்ளூ ஒரு பட்டாணி அளவு போதும். வேரில் மட்டும் வைத்து, துணியால் ஈரம் ஒற்றிய கட்டையில் பத்து விநாடி அழுத்துங்கள். நீர் பட்டதும் பசை வெள்ளையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ஜாவா ஃபெர்னுக்கும் இதே முறை. பருத்தி நூலால் கட்டினாலும் நூல் இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். ஜாவா மாஸ் அப்படிப் பற்றாது. அதற்கு மெல்லிய நைலான் நூல்தான். அடியிலிருக்கும் கட்டை லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்பிக் கட்டுங்கள், அடையாகக் கட்டினால் அடிப்பகுதி பழுத்து உதிரும்.

சக்கர் மீன் கட்டையைச் சுரண்டுகிறது. பசியா?

அது இயல்பு. கட்டைமேல் படியும் பாசியையும், கூடவே கொஞ்சம் மரத்தையும் சுரண்டும். ஆனால் அது கட்டையை மட்டும் தின்று வாழாது. இரவு விளக்கணைத்தபின் வெந்த சுரைக்காய் ஒரு வில்லை போடுங்கள். டேங்க் கிளீனர் என்று கடையில் கையடக்கமாகத் தருவது ஒன்றரை அடி வளரும் மீன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிதானதும் ஏரியில் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களுக்கு அதனால் தொல்லை.

இரண்டடித் தொட்டிக்கு எத்தனை கட்டை, எங்கே வைப்பது?

ஒன்று. பெரியதாக ஒன்று. மூன்று நான்கு சின்னத் துண்டுகளை அங்கங்கே போட்டால் விறகுக் கடை மாதிரிதான் இருக்கும். கட்டையின் உச்சி நடுவில் வராமல், ஒரு பக்கக் கண்ணாடியிலிருந்து 20 செ.மீ. தள்ளி வரட்டும், மறு பக்கம் வெறுமையாக இருக்கட்டும். கிளைகள் எல்லாம் ஒரே திசையில் சாய வேண்டும். இந்த நேச்சர் அக்வேரியம் பாணியை உலகுக்குப் பழக்கிய ஜப்பானியர் தகாஷி அமானோ (1954–2015) கட்டைகளை வைத்த படங்களைத் தேடிப் பாருங்கள். கட்டை தரையிலிருந்து முளைத்தது போலவே இருக்கும். அதற்கு அடியை 3, 4 செ.மீ. மணலில் புதைத்தால் போதும். ஆழமாகப் புதைத்தால் அந்த இடம் காற்றில்லாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.

கண்ணாடியிலிருந்து எல்லாப் பக்கமும் 3 செ.மீ. விடுங்கள், காந்தத் துடைப்பான் போய்வர வேண்டும். மிதக்கும் கட்டையை இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இறுக்கிச் செருகும் குறுக்குவழியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊறியதும் மரம் உப்பும், சிலிக்கான் ஒட்டுப் பிரியும் அல்லது கண்ணாடி விரிசல் விடும். கோல்ட்ஃபிஷ் வைத்திருப்பவர்கள் கூரான முனைகளை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். வெளியே துருத்திய கண்ணுள்ள மூர் வகைக்கு ஒரு சிராய்ப்பே போதும், அந்தக் கண் போய்விடும்.