அமெரிக்கச் சிறையிலிருந்து வழக்கு: கேள்வி பதில்

கேள்வி: சார், என் தம்பி அமெரிக்காவில் மத்திய அரசுச் சிறையில் இருக்கிறான். கை உடைந்தும் சரியான வைத்தியம் இல்லை. நேராகக் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: முடியாதும்மா. சிறைக்குள் இருக்கும் முறையீட்டுப் படிகளை முடித்த பிறகுதான் வழக்கு என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முதலில் சிறை ஊழியரிடம் பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். தீராவிட்டால் வார்டனுக்கு (சிறையின் தலைமை அதிகாரி) பிபி-9 படிவம். பேச்சுக்கும் படிவத்துக்கும் சேர்த்தே சம்பவ நாளிலிருந்து 20 நாள்தான். ‘பேசிக்கொண்டிருக்கிறார்களே’ என்று காத்திருந்துதான் பலர் கெட்டுப்போகிறார்கள். வார்டன் மறுத்தால் 20 நாளுக்குள் மண்டல இயக்குநருக்கு பிபி-10, அவரும் மறுத்தால் 30 நாளுக்குள் தலைமைச் சட்ட அதிகாரிக்கு பிபி-11. கெடுவுக்குள் பதிலே வரவில்லையா? அதையே மறுப்பாகக் கொண்டு அடுத்த படிக்குப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.

கேள்வி: நாள் தவறிவிட்டால்?

பதில்: ஆபத்து. காலக்கெடு தவறிய முறையீடு கணக்கில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் (வுட்ஃபோர்ட் எதிர் நோ) தீர்ப்பளித்தது. எழுதவே முடியாத உடல்நிலை, வேறு சிறைக்கு மாற்றும் நீண்ட பயணம் போன்ற காரணம் இருந்தால் அவகாசம் கேட்கலாம். காயம்பட்டுக் கிடப்பவனிடம் 20 நாள் கணக்குப் பார்ப்பது கொடுமை என்றே நினைக்கிறேன். ஆனாலும் விதி அதுதான்.

கேள்வி: காவலரே படிவத்தைக் கிழித்துப்போட்டால்?

பதில்: மிரட்டியோ ஏமாற்றியோ தடுத்தால் அந்த முறையீட்டு வழி திறந்திருந்ததாகவே ஆகாது; அதை முடிக்கவில்லை என்று வழக்கைத் தள்ள முடியாது. 2016-இல் ராஸ் எதிர் பிளேக் வழக்கில் சொன்னது இது. மிச்சிகன் கைதி ஒருவர், தன் புகார்களை அதிகாரியே அழித்தார் என்று வழக்குத் தொடுத்தார். அந்தத் தகராறு மூல வழக்கோடு பின்னிக் கிடந்தால் ஜூரிதான் (பொதுமக்களிலிருந்து எடுக்கும் நடுவர் குழு) தீர்மானிக்க வேண்டும் என்று 2025-இல் தீர்ப்பு வந்தது. எனக்குப் பெரிய நிம்மதி தந்த தீர்ப்பு. என்றைக்கு, யாரிடம் கொடுத்தோம், என்ன சொன்னார் என்று அன்றன்றே எழுதி வைப்பது இதற்காகத்தான்.

கேள்வி: ஐயா, கையில் காசில்லை.

பதில்: வழக்குப் போடத் தடையில்லை. 350 டாலர் கட்டணத்தைச் சிறைக் கணக்கிலிருந்து தவணையாகப் பிடிப்பார்கள். ஆனால் அற்பமானவை என்று மூன்று வழக்குகள் தள்ளுபடியானால் அந்தச் சலுகை போய்விடும். உடலுக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் விலக்கு.

கேள்வி: மாநிலச் சிறைக்கும் இதே படிவங்களா?

பதில்: சட்டம் ஒன்றுதான். படிவமும் கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அந்தச் சிறையின் கைதிகள் கையேட்டைப் பாருங்கள்.