டோரியாமாவின் அரக்கர்கள்: கேள்வி பதில்

அகிரா டோரியாமா பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ‘டிராகன் பால்’ மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதையை) வரைந்தவர், ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டின் அரக்கர்களுக்கு உருவம் கொடுத்தவர், 2024 மார்ச் 1 அன்று 68 வயதில் காலமானவர். டிராகன் பால் நாயகன் கோகு ஜெயிப்பாரா, சூப்பர்மேன் ஜெயிப்பாரா என்ற கேள்விகளை மட்டும் ஒதுக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணா, சின்ன வயதிலிருந்தே மங்கா வரைவதுதான் அவர் கனவா?

அப்படித் தெரியவில்லை. நகோயாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தார், பிடிக்காமல் விட்டார். கையில் காசில்லாத நேரத்தில் பரிசுப் பணத்துக்காகப் போட்டிக்கு மங்கா அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் ‘ஷோனென் ஜம்ப்’ இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த கசுஹிகோ டோரிஷிமா அவரைப் பிடித்துக்கொண்டார். 1978இல் முதல் கதை வந்தது. அதன் பிறகும் டோரிஷிமா நிராகரித்த பக்கங்கள் சுமார் 500 இருக்கும் என்பார்கள். 1980இல் ‘டாக்டர் ஸ்லம்ப்’ வந்ததும் நிலைமை தலைகீழானது. அதில் வரும் வில்லன் விஞ்ஞானிக்கு டோரிஷிமாவின் முகத்தையே வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார்!

விளையாட்டுப் பக்கம் எப்படிப் போனார்?

அதற்கும் டோரிஷிமாதான் பாலம். ஜம்ப் இதழில் வீடியோ கேம் பற்றி எழுதிவந்த யூஜி ஹோரி ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற புது விளையாட்டைத் தயாரித்தபோது, அவரோடு டோரியாமாவைக் கோர்த்துவிட்டவர் டோரிஷிமா.

சார், டிராகன் குவெஸ்டில் வரும் ஸ்லைம் என்ற அரக்கன் பார்க்க வெங்காயம் மாதிரி இருக்கிறது. இதில் என்ன மேதைமை?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஹோரி கொடுத்த கிறுக்கலில் ஸ்லைம் என்பது உருகி வழிந்த ஒரு குவியல். டோரியாமா அதை நீர்த்துளி வடிவமாக்கி, இரண்டு உருண்டைக் கண்ணும் ஒரு அசட்டுச் சிரிப்பும் வைத்தார்.

1986இல் வந்த முதல் விளையாட்டின் கேசட் கொள்ளளவு 64 கிலோபைட். வரைபடம், வசனம், இசை, அரக்கர்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சண்டையில் அரக்கன் அசையாமல் நம்மைப் பார்த்து நிற்பான், அவ்வளவுதான். சில புள்ளிகளுக்குள் ஒரு ஆளுமை தெரிய வேண்டும். குவியலாக வரைந்திருந்தால் திரையில் கறையாகத்தான் தெரிந்திருக்கும். துளி வடிவம் எவ்வளவு சுருக்கினாலும் துளிதான். அப்புறம் நிறத்தை மாற்றினால் போதும், சிவப்பு ஸ்லைம், மெட்டல் ஸ்லைம் என்று புது எதிரிகள் கிடைத்துவிடுவார்கள்.

அந்தச் சிரிப்பையும் கவனியுங்கள். நாம் முதலில் வெட்டிச் சாய்க்கும் எதிரியே நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. வௌவால் மாதிரி வரும் டிராக்கியும் அப்படித்தான். பயமுறுத்துவதில் டோரியாமாவுக்கு அவ்வளவாக அக்கறை இருந்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் டிராகன் பால் வில்லன் செல்? அவன் பயங்கரமாகத்தானே இருக்கிறான்?

செல் உருவானதே ஆசிரியர்களின் முணுமுணுப்பால்தான். முதலில் வில்லன்களாக வந்தவர்கள் 19, 20 என்ற இரண்டு ஆண்ட்ராய்டுகள், அதாவது மனித உருவ இயந்திரங்கள். குண்டன் ஒருவன், கிழவன் ஒருவன், இதெல்லாம் ஒரு வில்லனா என்று பழைய ஆசிரியர் டோரிஷிமா கேட்டார். 17, 18 வந்தார்கள். இவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கிறார்களே என்றார் மறுபடியும் டோரிஷிமா. சரி என்று செல்லைக் கொண்டுவந்தால், அசிங்கமாக இருக்கிறான் என்றார் அப்போதைய ஆசிரியர் கொண்டோ. இரண்டாவது உருவமும் தேறவில்லை. அழகான மூன்றாவது உருவம் அப்படி வந்ததுதான். உடம்பெல்லாம் புள்ளி வைத்ததற்காக டோரியாமா பிறகு நொந்துகொண்டது தனிக்கதை.

என் ஓட்டு அதே கதையின் இன்னொரு வில்லன் ஃப்ரீசாவுக்கு. கொம்பும் மலை உடம்புமாக வளர்ந்தவன், கடைசி உருவத்தில் சின்னதாக, வழவழப்பாக, வெள்ளையாக வந்து நிற்கிறான். அதுதான் வயிற்றைக் கலக்கும்.

கோகு சூப்பர் சயான் என்ற உருவத்துக்கு மாறும்போது முடி ஏன் பொன்னிறம்?

மை பூசும் வேலையைக் குறைக்க. கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் பொன்னிறம் என்றால் வெற்று வெள்ளை. வாராவாரம் கோகுவின் முடியைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்த உதவியாளருக்கு விடுதலை. ஊரைக் குண்டு போட்டு அழித்துவிட்டுப் பாலைவனத்தில் சண்டை போடுவதும் கட்டிடம் வரைய அலுப்பாக இருந்ததால்தான். இதையெல்லாம் அவரே ஒளிக்காமல் சொன்னார்.

42 தொகுதி டிராகன் பால் படிக்க நேரமில்லை. வேறு ஏதாவது?

2000இல் வந்த ‘சாண்ட் லேண்ட்’. ஒரே தொகுதி. தண்ணீர் தேடிப் போகும் ஒரு கிழட்டு ஷெரீஃப், ஒரு அரக்க இளவரசன், ஒரு டாங்கி. உதவியாளர் இல்லாமல் முழுதும் தானே வரைந்தார். பிளாஸ்டிக் மாடல் பிரியரின் டாங்கி என்பதால் ஒவ்வொரு திருகாணியிலும் ஆசை தெரியும்.

கடைசியாக என்ன செய்தார்?

2024 அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘டிராகன் பால் டைமா’ என்ற அனிமேஷன் தொடர். கதையிலும் பாத்திர வடிவமைப்பிலும் அவர் கை இருக்கிறது. அதில் வரும் அரக்க உலகவாசிகளைப் பாருங்கள், பாதிப் பேர் அசட்டுத்தனமாகத்தான் இருப்பார்கள்.