மகளின் ராக்கெட் கிட்டுக்கு எந்தப் பசை வாங்குவது? எபாக்சி (இரண்டு பொருளைக் கலந்து பூசும் பசை) அவசியமா?

அவசியமில்லை. அட்டைக் குழாய், பால்சா மரத் துடுப்பு, பி அல்லது சி ரக மோட்டார் (ராக்கெட்டை மேலே தள்ளும் சின்ன மருந்துக் குழல்) என்கிறீர்கள். இந்த எஸ்டெஸ் கம்பெனி கிட்டுக்கு மரவேலைக்கான மஞ்சள் பசை ஒரு சின்ன பாட்டில் போதும், டைட்பாண்ட் மாதிரி. நம் ஊர் ஃபெவிகாலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையிலும் மரத்திலும் ஊறி இறங்கிப் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த துடுப்பைப் பிடுங்கினால் பசை விடாது, அட்டையின் மேல்தோல்தான் உரிந்து வரும். அட்டையே கிழிகிறபோது அதைவிடப் பலமான பசை எதற்கு?

எபாக்சியைத் தாராளமாகப் பூசினால் வால் பக்கம் கனக்கும், எடைமையம் பின்னால் நகரும். காற்றழுத்த மையத்துக்கு, அதாவது காற்றின் தள்ளுவிசை மொத்தமும் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளிக்கு முன்னால், குழாயின் ஒரு விட்ட அளவாவது தள்ளி எடைமையம் இருந்தால்தான் ராக்கெட் நேராகப் போகும். பிற்காலத்தில் கண்ணாடியிழைக் குழாய், பெரிய மோட்டார் என்று போனால் எபாக்சியேதான், அதுவும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு. கண்ணாடியிழை நீரை உறிஞ்சாது, மஞ்சள் பசை அங்கே செல்லாது.

மஞ்சள் பசை காலை வாரும் இடம் ஒன்று உண்டு: மோட்டார் மவுண்ட், அதாவது குழாய்க்குள் வளையங்களோடு உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்திருக்கும் பகுதி. என் முதல் ராக்கெட்டில் மவுண்டின் வளையங்களில் பசை தடவிக் குழாய்க்குள் தள்ளினேன். நேராகப் போகிறதா என்று பார்க்கப் பாதி வழியில் ஒரு நொடி நிறுத்தினேன். அவ்வளவுதான், முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இடுக்கியால் இழுத்ததில் குழாய் நசுங்கியதுதான் மிச்சம். அட்டை தண்ணீரை உறிஞ்சியதும் பசை சட்டென்று இறுகிவிடுகிறது. அதனால் இந்த ஒரு வேலைக்கு, மெதுவாக இறுகும் பள்ளிக்கூட வெள்ளைப் பசை நல்லது. வளையத்தில் தடவாதீர்கள். வளையம் போய் உட்கார வேண்டிய ஆழத்தை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு, குழாயின் உட்புறம் அந்த இடத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். அப்புறம் ஒரே மூச்சில் தள்ளுங்கள். அதிகம் அப்பினால் காயும்போது சுருங்கி, குழாய்க்கு இடுப்பு விழுந்துவிடும்.

துடுப்புக்கு இரட்டைப் பூச்சு. துடுப்பின் விளிம்பில் தடவிக் குழாயில் அழுத்தி, உடனே எடுத்துவிடுங்கள். சில நிமிடம் உலரட்டும். மறுபடி மெல்லிய கோடாகத் தடவி ஒட்டினால் கையை எடுத்தாலும் நிற்கும். அது காய்ந்த பிறகு இணைப்பின் இரு பக்கமும் கொஞ்சம் பசை விட்டு விரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுங்கள். காயும்வரை குழாய் படுக்கையாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் வழிந்துவிடும். பெயின்ட்டின் மேல் மட்டும் ஒட்டாதீர்கள், பெயின்ட்டோடு பெயர்ந்து வரும்.

சூப்பர் க்ளூ திடலில் அவசரப் பழுதுக்குச் சரி. அடிபட்டால் பட்டென்று விட்டுவிடும், புகையும் கண்ணை எரிக்கும், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். சூடாக்கி ஒட்டும் க்ளூ கன் மோட்டார் பக்கமே வரக்கூடாது, மோட்டார் சூட்டில் இளகிவிடும். மூக்குக் கூம்பைக் குழாயோடு ஒட்டவே கூடாது, பாராசூட் வெளியே வர அது கழன்றாக வேண்டும்.

இவ்வளவு செய்தும் தரையிறங்கும்போது துடுப்பு உடைந்தால், உடைந்த இடத்தைப் பாருங்கள். ஒட்டு அப்படியே இருந்து மரம் பிளந்திருந்தால் பசையைத் திட்டாதீர்கள். மர இழை துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக ஓடாமல் வெட்டியிருப்பீர்கள்.