ரோமானிய வீரர் மினியேச்சர்கள்: கவசத்தில் எது சரி, எது சினிமா?

ரோமானியப் படை மினியேச்சர்கள் (வண்ணம் தீட்டி வைக்கும் சின்ன வீரர் பொம்மைகள்) பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகளில் பெரும்பாலானவை கவசத்தைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ரோமானிய வீரன்" என்று ஒரே ஆள் கிடையாது. எந்த ஆண்டு, எந்த எல்லை என்று முடிவு செய்யாமல் பெட்டியைப் பிரித்தால் அப்புறம் எல்லாமே தகராறுதான்.

அண்ணா, அலேசியா முற்றுகையை டயோரமாவாக (குட்டி உருவங்களை வைத்து அமைக்கும் காட்சியாக) செய்யப் போகிறேன். 1/72 அளவில் இரண்டு பெட்டி வாங்கிவிட்டேன். எல்லா வீரர்களும் இரும்புப் பட்டைகளை அடுக்கிய அந்தக் கவசம்தான் போட்டிருக்கிறார்கள். சீசர் காலத்துக்குப் பொருந்துமா?

பொருந்தாது தம்பி. கோல் நாட்டில் (இன்றைய பிரான்ஸ்) சீசர் நடத்திய அலேசியா முற்றுகை கி.மு. 52. இந்தப் பட்டைக் கவசத்துக்கு லோரிகா செக்மென்டாட்டா என்பது பிற்கால அறிஞர்கள் வைத்த பெயர். அதன் மிகப் பழைய துண்டுகள் தெற்கு ஜெர்மனியின் டாங்ஸ்டெட்டன் முகாமில் கிடைத்தவை. அந்த முகாம் ஏறக்குறைய கி.மு. 15-இல் போடப்பட்டது. அதற்குள் சீசர் இறந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்த பட்டைக் கவசங்களில் மிகப் பழையது கால்கிரீஸவில் 2018-இல் எடுத்தது. கி.பி. 9-இல் ரோமானியத் தளபதி வாரஸின் மூன்று லெஜியன்கள் (ரோமானியப் படையின் பெரும் பிரிவுகள்) அழிந்த போரோடு தொடர்புபடுத்தப்படும் இடம் அது.

சீசரின் ஆட்களுக்கு வேண்டியது சங்கிலிக் கவசம். தோளின் மேல் இன்னொரு மடிப்பாக வந்து நெஞ்சில் கொக்கியால் மாட்டும் வகை. தலையில் மோன்டெஃபோர்டினோ அல்லது கூலுஸ் வகை வெண்கலத் தலைக்கவசம். கேடயம் செவ்வகமாக இருக்கக்கூடாது. நீள்வட்டமாக, நடுவில் முதுகெலும்பு போல மரத்தண்டு ஓட வேண்டும். எகிப்தின் ஃபயூமில் கிடைத்த கேடயம் ஒன்று 128 செ.மீ. உயரம், 63.5 செ.மீ. அகலம். அதை அளவாக வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் "குடியரசுக் காலம்" என்று போட்டிருக்கும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

மேலே சொன்ன பதிலில் எனக்கு உடன்பாடில்லை. ரோமில் நிற்கும் டிராஜன் தூணில் லெஜியன் வீரர்கள் எல்லோரும் பட்டைக் கவசத்தில்தானே இருக்கிறார்கள்? அந்தக் காலத்திலேயே கல்லில் செதுக்கியதைவிடப் பெரிய சாட்சி வேறு என்ன?

பேரரசர் டிராஜன் டேசியாவை (இன்றைய ருமேனியா) வென்றதற்கான அந்தத் தூணை நிறுவியது கி.பி. 113-இல். ஆக, சீசர் காலத்துக்கு அது சாட்சியே இல்லை. டிராஜன் காலத்துக்கு என்றால் நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் மினியேச்சர்களில் இருக்கும் பாதிக் குழப்பம் இந்தத் தூணிலிருந்து வந்ததுதான்.

தூணில் 2,500-க்கும் மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு யார் குடியுரிமை உள்ள லெஜியன் வீரர், யார் துணைப்படைக்காரர் என்று சட்டென்று தெரிய வேண்டும். அதற்காகச் சிற்பிகள் ஒரு சீருடை முறையே வைத்துக்கொண்டார்கள். பட்டைக் கவசமும் வளைந்த செவ்வகக் கேடயமும் இருந்தால் லெஜியன். இடுப்போடு நிற்கும் சங்கிலிக் கவசமும் நீள்வட்டக் கேடயமும் இருந்தால் துணைப்படை. ஆட்களின் உடம்பு மறையக்கூடாது என்பதற்காகக் கேடயங்களையும் சின்னதாக்கிவிட்டார்கள்.

இப்போது ருமேனியாவின் ஆடம்கிளிசிக்குப் போங்கள். அதே டிராஜன், அதே டேசியப் போர்கள், கி.பி. 109-இல் எழுப்பிய வெற்றிச் சின்னம். செதுக்கல் முரட்டுத்தனமாக இருக்கும், ரோமின் நளினம் கிடையாது. ஆனால் போர் நடந்த பகுதியிலேயே செய்தது. அதில் லெஜியன் வீரர்கள் போட்டிருப்பது சங்கிலிக் கவசமும் செதில் கவசமும்தான். வாள் பிடித்த வலது கையில் தோள் முதல் மணிக்கட்டு வரை அடுக்குத் தகடு, சிலருக்கு முழங்காலுக்குக் கீழே கால் காப்பு. பட்டைக் கவசம் ஒன்றுகூடக் கிடையாது. டேசியர்களின் வளைந்த ஃபால்க்ஸ் அரிவாள் கேடயத்தைத் தாண்டி வந்து கையையும் தலையையும் வெட்டும். அதற்கு எதிரான ஏற்பாடுதான் இந்தக் கைத்தகடு. தலைக்கவச உச்சியில் குறுக்கே இரும்புப் பட்டி வைத்ததும் இதே காலத்தில்தான்.

அதற்காகப் பட்டைக் கவசமே பொய் என்று சொல்லவில்லை. இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் 1964-இல் ஒரு மரப்பெட்டி நிறையக் கிடைத்தது. கோட்டைகள் தோறும் அதன் கீல்களும் கொக்கிகளும் உடைந்து சிதறிக் கிடக்கின்றன. எல்லோரும் ஒரே நாளில் ஒரே தையற்காரரிடம் போய் வாங்கியதுபோல் நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான். டேசியப் போருக்கு 20 பேர் கொண்ட அணி என்றால் நான் பாதிக்குப் பட்டை, மீதிக்குச் சங்கிலி, இடையில் இரண்டு மூன்று பேருக்குச் செதில் என்று கலப்பேன். பார்க்கவும் அதுதான் அழகு.

பழுப்பு நிறத் தோல் கவசம், மணிக்கட்டில் தோல் பட்டை. இவை எந்தக் காலத்துக்கு?

சினிமாக் காலத்துக்கு. மணிக்கட்டுத் தோல் பட்டைக்கு ரோமானிய வீரர் சிற்பங்களில் ஆதாரம் இல்லை. மினியேச்சரில் இருந்தால் கத்தியால் சீவிவிட்டு உடம்பின் நிறம் அடித்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

தோல் கவசம் என்ற எண்ணம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில கல்லறைச் சிற்பங்களில் மேலுடம்பு வழவழவென்று இருக்கும். அந்தக் கற்களின் மேல் வெள்ளைச் சாந்து பூசி வண்ணம் தீட்டுவது வழக்கம். சங்கிலி வளையங்களை உளியால் செதுக்காமல் தூரிகையால் போட்டிருப்பார்கள். சாந்து உதிர்ந்ததும் மிஞ்சியது மொழுமொழு கல். அதைப் பார்த்துத்தான் "தோல்" என்று எழுதினார்கள். தசை வடிவம் செதுக்கிய மார்புக் கவசம் பெரிய அதிகாரிகளுக்கு உண்டு. சாதாரண வீரனுக்கு மாட்டாதீர்கள்.

28 மி.மீ. ஃபிகரில் சங்கிலிக் கவசம் மிதியடி மாதிரி முரடாக இருக்கிறதே, இது சரியான அளவா சார்?

சரியான அளவு இல்லைதான், ஆனால் வேறு வழியும் இல்லை. நிஜ வளையம் ஒன்று 6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 மி.மீ. ஃபிகரை ஏறக்குறைய 1/60 என்று கொண்டால் வளையம் 0.1 மி.மீ. வரும். பிரைமர் (முதல் அடிப்பூச்சு) அடித்த உடனே காணாமல் போய்விடும். அதனால் சிற்பிகள் பெரிதாக்குகிறார்கள். அதை வண்ணத்தில் அடக்க வேண்டியது நம் வேலை. கறுப்பு பிரைமர் மேல் இருண்ட உலோக நிறத்தை டிரை பிரஷ் செய்து (கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேடுகளில் தேய்த்து), கறுப்பும் பழுப்பும் கலந்த வாஷ் (நீர்த்த வண்ணம்) ஓட்டுங்கள். பளிச் வெள்ளியைத் தோள் மேட்டில் மட்டும் தொட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். மொத்தமாகப் பளபளப்பாக்கினால்தான் முரடு கண்ணில் குத்தும்.

பட்டைக் கவசத்தில் தோல் வார்களுக்கு எங்கெங்கே பழுப்பு அடிப்பது?

இதில் நிறையப் பேர் தடுமாறுவதைப் பார்க்கிறேன். தகடுகளைக் கோக்கும் வார்கள் உள்பக்கம் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது ஆணித் தலைகள், பித்தளைக் கீல்கள், நெஞ்சில் பக்கிள் மாட்டும் குட்டி வார், வயிற்றுப் பட்டைகளை முன்னால் இழுத்துக் கட்டும் கயிறு, இவைதான். அந்தக் குட்டி வார், கயிறு என்ற இரண்டு இடத்தில் மட்டும் பழுப்பு. தகடு இரும்பு, கீலும் பக்கிளும் பித்தளை. இந்த நிற வேறுபாட்டைச் சரியாகக் காட்டினாலே ஃபிகர் எழுந்து நிற்கும். கார்பிரிட்ஜ் வகையில் இந்தப் பித்தளை வேலை நிறைய, அடிக்கடி உடைந்ததும் அதுதான். பின்னால் வந்த நியூஸ்டெட் வகையில் எளிமையாக்கிவிட்டார்கள்.

உள்ளே போடும் டியூனிக் சிவப்புதானே?

சிவப்பு தப்பில்லை, சிவப்பு மட்டும்தான் என்பது தப்பு. கி.பி. 138-இல் எகிப்தின் பிலடெல்பியா ஊர் நெசவாளர்களுக்குப் போன ஒரு ஆர்டர் பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. கப்பதோக்கியாவில் இருந்த படைக்குத் துணி. நீளம், அகலம், எடை எல்லாம் குறித்து வெள்ளை டியூனிக் கேட்டிருக்கிறார்கள். அங்கே வெள்ளை என்றால் கம்பளியின் இயல்பு நிறம், சலவை வெள்ளை அல்ல. எலும்பு நிறம், வெளிர் மணல் நிறம் என்று இரண்டு மூன்று கலந்து அடியுங்கள். சிவப்பு அடிப்பதானாலும் வெயிலில் வெளுத்த செங்கல் நிறம் நன்றாக இருக்கும்.

கேடயத்தில் இறக்கையும் மின்னலும் எல்லா லெஜியனுக்கும் உண்டா?

தூணில் அப்படித்தான் நிறைய இருக்கிறது. ஆனால் படைக்குப் படை வேறுபாடு இருந்தது. கி.பி. 69-இல் இரண்டாம் கிரெமோனா போரில் எதிரியின் ராட்சதக் கவண் ஒன்று, பேரரசர் பதவிக்குப் போட்டியிட்ட வெஸ்பேசியன் பக்கத்து ஆட்களை நசுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு வீரர்கள் செத்துக் கிடந்த எதிரிகளின் கேடயத்தை எடுத்துக்கொண்டு, எதிரி ஆள் போலவே நடந்து போய், கவணின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். அங்கேயே உயிரும் போனது. இது ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியது. உள்நாட்டுப் போர், இரு பக்கமும் ஒரே கவசம். கேடயம்தான் அடையாளம்.

முழுசாகக் கிடைத்த வளைந்த செவ்வகக் கேடயம் சிரியாவின் டூரா யூரோபஸில் எடுத்தது, 3-ஆம் நூற்றாண்டு. சிவப்புப் பின்னணியில் கழுகு, வெற்றித் தேவதை, சிங்கம். இப்போது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சும்மா இருக்கும்போது கேடயத்துக்குத் தோல் உறை போட்டுவைப்பார்கள். அணிவகுத்துப் போகும் டயோரமா என்றால் உறையோடு வைக்கலாம், படம் வரையும் வேலை மிச்சம்!

செஞ்சூரியனுக்கு என்னென்ன மாற்ற வேண்டும்?

செஞ்சூரியன் என்றால் லெஜியனுக்குள் ஒரு சிறு படைப்பிரிவின் தலைவன். முதலில் வாளை இடது பக்கம் மாற்றுங்கள். முதல் நூற்றாண்டில் சாதாரண வீரனுக்கு வலது இடுப்பில், செஞ்சூரியனுக்கு இடதில். கோல்செஸ்டரில் ஃபேசிலிஸ் என்ற செஞ்சூரியனின் கல்லறைச் சிற்பத்தில் இது தெளிவாகத் தெரியும். கையில் திராட்சைக் கொடிக் கோல், காலில் கால் காப்பு. தலைக்கவசத்தின் மேல் கொண்டை காதிலிருந்து காதுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். கார்னுன்டம் ஊரில் காலிடியஸ் செவெரஸ் கல்லறையில் அப்படிக் கொண்டை வைத்த தலைக்கவசத்தைத் தனியாகவே செதுக்கியிருக்கிறார்கள். மார்பில் பதக்கத் தட்டுகள் வேண்டுமென்றால் வாரஸ் போரில் இறந்த கைலியஸின் கல்லறையைப் பாருங்கள், பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹன்னிபால் காலத்து வீரனுக்கு?

பணம் இருந்தவனுக்குச் சங்கிலி, இல்லாதவனுக்கு நெஞ்சில் ஒரு சாண் வெண்கலத் தகடு. தலையில் ஒரு முழ உயரத்துக்கு மூன்று இறகுகள், ஊதா அல்லது கறுப்பு. கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் சொன்னது. மஞ்சள் இறகு வேண்டாம்.

முசிறித் துறைமுகத்தில் ரோமானியர்கள் இறங்கும் காட்சி செய்ய ஆசை. பட்டைக் கவச வீரர்களை நிறுத்தலாமா? சங்க இலக்கியத்தில் யவன வீரர்கள் வருகிறார்களே?

முல்லைப்பாட்டில் பாசறையில் மன்னனைக் காவல் காக்கும் யவனர் வருகிறார்கள். அச்சம் தரும் தோற்றம், வலிமையான உடம்பு, மேலே சட்டை. கவசம் பற்றிப் பேச்சே இல்லை. அவர்களை லெஜியன் வீரர்களாக்க வேண்டாம். கப்பலுக்கு வேறு ஆள் இருக்கிறார். கடற்கொள்ளையருக்குப் பயந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றி அனுப்புவார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். நானாக இருந்தால் டியூனிக், பெல்ட், வில், அம்பறாத்தூணி என்று நாலைந்து பேரைப் பலகை மேல் நிறுத்தி, ஒருவனுக்கு மட்டும் சங்கிலிக் கவசம் போடுவேன். மற்ற இடமெல்லாம் மிளகு மூட்டைக்கு.

"சீசரின் பத்தாம் லெஜியன்" என்று பேஸில் (உருவங்கள் நிற்கும் அடித்தட்டில்) எழுதி, 40 பட்டைக் கவச ஃபிகர்களை ஏற்கெனவே முடித்துவிட்டேன். எல்லாவற்றையும் தின்னரில் போட்டு வண்ணத்தைக் கரைப்பதா?

ஐயோ, வேண்டாம். பேஸில் இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றுங்கள். "பத்தாம் லெஜியன் ஃப்ரெடென்சிஸ், ஜெருசலேம், கி.பி. 70." எண் அப்படியே இருக்கிறது, வேறு பத்தாம் லெஜியன், அவ்வளவுதான். அதே போரில் முற்றுகைக்கு உள்ளான காம்லாவில் பட்டைக் கவசத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன, அதனால் கவசத்தில் யாரும் கை வைக்க முடியாது. கொடிக்கம்பத்தில் சீசர் காலத்துக் காளை இருந்தால் அதை மட்டும் பன்றியாக்கிவிடுங்கள். ஃப்ரெடென்சிஸின் செங்கல் முத்திரைகளில் இருப்பது பன்றியும் கப்பலும்.