கேரேஜில் பெயிண்ட் பூத்: காசை எதில் போடுவது?

கேள்வி: பழைய காரின் இரண்டு கதவு, ஒரு பானெட், மூன்றுக்கும் நானே பெயிண்ட் அடிக்கலாம் என்றிருக்கிறேன். கேரேஜுக்குள் பிவிசி குழாயும் பிளாஸ்டிக் ஷீட்டும் வைத்துக் கூடாரம் கட்டி, புகையை வெளியே தள்ள வீட்டில் சும்மா கிடக்கும் ஃபேனை மாட்டினால் போதாதா? அல்லது ஆன்லைனில் விற்கிற, காற்றடித்து நிற்கும் ரெடிமேட் கூடாரத்தையே வாங்கிவிடலாமா?

பதில்: கூடாரத்தில் வித்தை ஒன்றுமில்லை. குழாயை வெட்டி, எல்போ, டீ மாட்டிச் சட்டம் நிறுத்தி, ஷீட்டை இழுத்து டேப் ஒட்டினால் வேலை முடிந்தது. இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டாமல் விடுங்கள், அப்புறம் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைக்கலாம். ரெடிமேட் கூடாரம் இதையே கொஞ்சம் பகட்டாகச் செய்கிறது, அவ்வளவுதான். வாங்கியே தீருவதென்றால், சட்டத்தை ஊதும் புளோவர் போக, உள்ளே காற்றை மாற்றத் தனி புளோவர் உண்டா, அதற்கு ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

காசு போக வேண்டியது ஃபேனுக்கும் மாஸ்க்குக்கும்.

நீங்கள் சொன்ன மாதிரி சாதாரண ஃபேனைப் புகை வெளியேறும் வாயில் மாட்டவே கூடாது. தின்னரில் இருக்கும் டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும். காற்றில் அந்த ஆவி ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே சின்னப் பொறி போதும். ஃபேன் ஸ்விட்சிலும் சிலவகை மோட்டாரிலும் அந்தப் பொறி உண்டு. பொறி வெளிவராத எக்ஸாஸ்ட் ஃபேன் கிடைக்கிறது, ஆனால் விலை அதிகம். அதற்கு மனமில்லையென்றால் ஃபேனை எதிர்ப் பக்கம் மாற்றுங்கள்: வெளியிலிருந்து நல்ல காற்றை ஃபில்டர் வழியாக உள்ளே தள்ளட்டும், மறுமுனையில் இன்னொரு ஃபில்டர் வழியாகக் காற்று நேராக வீட்டுக்கு வெளியே போகட்டும். மோட்டார் நல்ல காற்றில் இருக்கும், இடுக்கு வழியாகத் தூசியும் நுழையாது. ஷீட் லேசாக வெளிப்பக்கம் உப்பி நின்றால் சரி. விம்மிப் புடைத்தால் வெளி ஃபில்டர் அடைத்துவிட்டது, தொளதொளவென்று தொங்கினால் ஃபேனுக்குச் சக்தி போதவில்லை. இந்த முறையில் ஆவி இடுக்கு வழியாகக் கேரேஜுக்குள்ளும் கசியும். அதனால் வீட்டுக்குள் போகும் கதவை டேப் போட்டு அடையுங்கள். கேரேஜில் கேஸ் கெய்சர் இருந்தால் அணைத்துவிட்டுத்தான் ஸ்பிரே கன்னைக் கையில் எடுக்க வேண்டும். கம்ப்ரஸர், விளக்கு எல்லாம் ஷீட்டுக்கு வெளியே, ஆவி எட்டாத தூரத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் வழியாக வரும் வெளிச்சமே தாராளம்.

ஃபேனின் அளவு? நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் காற்று நகர வேண்டும் என்பது பூத்களுக்குப் பரவலாகச் சொல்லும் கணக்கு. 8 அடி அகலம், 8 அடி உயரம் என்றால் நிமிடத்துக்கு 6,400 கன அடி. வீட்டு ஃபேன் அதன் பக்கத்தில்கூட வராது. காரையே உள்ளே நிறுத்துகிற மாதிரி கட்டினால் இதுதான் சிக்கல். கதவையும் பானெட்டையும் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு அடிக்க 5க்கு 6 அடி போதும், தேவை 3,000 கன அடியாகக் குறையும்.

மாஸ்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம். தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கக் கலக்கும் திரவம்) கலக்காத பெயிண்டுக்கு, ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜும் அதன் மேல் துகள் ஃபில்டரும் உள்ள மாஸ்க் வேண்டும். கலருக்கு மேல் பளபளப்புக்காக அடிக்கும் நிறமில்லாத பூச்சுதான் கிளியர் கோட். அதில் ஹார்டனர் கலக்கும் 2கே வகை வேறு சங்கதி. அந்த ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். ஆபத்தான அளவு வந்த பிறகும் மூக்குக்குத் தெரியாது, ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா வரலாம். அதற்கு வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் மாஸ்க்கும், தோலை மூடும் உடையும் வேண்டும். மூன்று துண்டுக்காக அதை வாங்குவது வீண் செலவு. பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, ஹார்டனர் இல்லாத பிரைமரும் கலரும் அடிப்பது வரை நீங்களே செய்யுங்கள், கிளியரை மட்டும் பூத் உள்ள பட்டறையில் கொடுங்கள். கலருக்கும் கிளியருக்கும் இடையே எத்தனை மணி நேரம் விடலாம் என்று டப்பாவில் இருக்கும், பட்டறையில் நேரம் வாங்கிய பிறகு கலர் அடியுங்கள்.

கேள்வி: ஃபில்டர் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பாவா, சாதாவா?

பதில்: ஹெப்பா வேண்டாம், அவ்வளவு நெருக்கமான ஃபில்டர் ஃபேனைத் திணறடித்துவிடும். உள்ளே வரும் பக்கம் ஓரளவு நெருக்கமான மடிப்பு ஃபில்டர், வெளியே போகும் பக்கம் மலிவான கண்ணாடி நார் ஃபில்டர். வெளிப்பக்கத்துக்குக் கூடுதலாக இரண்டு வாங்கி வையுங்கள், அதுதான் சீக்கிரம் அடைக்கும்.