செக்கு எண்ணெயை எதன் பக்கத்தில் வைப்பது? வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் செக்குக் கடலை எண்ணெய் லிட்டர் 340 ரூபாய். மளிகைக்கடையில் ரீஃபைண்ட் எண்ணெய் பாக்கெட் பக்கத்தில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறார்கள், திரும்ப வைத்துவிடுகிறார்கள். விலையைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்க இடம் எங்கே? லிட்டருக்கு 2.3 முதல் 2.5 கிலோ நிலக்கடலைப் பருப்பு போகும். கிலோ 130 என்று வைத்தாலே 300 ரூபாய் ஆகிறது. புண்ணாக்கில் 60 வந்தாலும், மீதியில்தான் ஆட்டும் கூலி, பாட்டில், கடைக்காரர் கமிஷன் எல்லாம்.

கடையில் பாட்டில் நிற்கும் தட்டை மாற்றுங்கள். ரீஃபைண்டை ஒட்டி நின்றால் அதன் விலைதான் அளவுகோல். இட்லிப்பொடி, கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை இருக்கும் வரிசைக்குப் போனால் 340 அவ்வளவு உறுத்தாது. அரை லிட்டர் பாட்டிலாகப் போடுங்கள். எல்லாச் சமையலுக்கும் என்று விற்காதீர்கள். பூரி சுடும்போது செக்கு எண்ணெய் நுரைத்துப் பொங்கும். வாங்கியவர் கலப்படம் என்று முடிவுகட்டிவிடுவார். “தாளிக்க, பொடிக்கு ஊற்ற” என்று லேபிளிலேயே அச்சிடுங்கள். பலகாரத்துக்கு அவர் வீட்டு ரீஃபைண்ட் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: “கொலஸ்ட்ராலை எதிர்க்கும்” என்று போடலாமா?

பதில்: கூடாது. சமையல் எண்ணெய் லேபிளில் அதையும் “இதயத்துக்கு இதமானது” என்பதையும் உணவுப் பாதுகாப்பு விதிகளே தடுக்கின்றன. “சுத்தமானது” என்பதை எல்லாச் செக்குக்காரர்களும்தான் போடுகிறார்கள். ஆட்டிய தேதியையும் பருப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் போடுங்கள், உண்மையாக இருந்தால் மட்டும்.

கேள்வி: ஷாம்பூ மாதிரி சாஷே போட்டால்?

பதில்: கடலூரில் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பூ, சின்ன அளவால் மட்டும் ஜெயிக்கவில்லை. எந்தக் கம்பெனி காலி சாஷே ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார்கள். பிறகு சிக் சாஷே மட்டும்தான் என்று மாற்றினார்கள். ஏற்கெனவே ஷாம்பூ போடுகிறவர் யார் என்பதைக் காலி உறையே காட்டிக்கொடுத்தது. எண்ணெய் சாஷே கசியும், கடைக்காரர் திருப்பி அனுப்புவார். 100 மில்லி பாட்டிலை இட்லிப்பொடியோடு கட்டி விற்றுப் பாருங்கள்.

கேள்வி: எடுபட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதல் மாத விற்பனையை நம்பாதீர்கள், புதுசு என்று வாங்குகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அரை லிட்டர் வாங்கியவர் 30, 40 நாளில் திரும்ப வந்தாரா என்று கடைக்காரரைக் கேளுங்கள். வராதவரிடம், பாட்டில் அடுப்புப் பக்கம் இருக்கிறதா, அலமாரிக்குள் போய்விட்டதா என்று மட்டும் விசாரியுங்கள்.