பிரெஞ்சில் 'பொல்': கிண்ணமா, அதிர்ஷ்டமா?

"வகுப்பில் 'பொல்' என்றால் கிண்ணம் என்று படித்தேன். பிரான்ஸில் இருக்கும் தோழியோ, ரயிலைக் கடைசி நிமிடத்தில் பிடித்ததற்கு 'ஜெ யூ த்யு பொல்' என்கிறாள். இதைத் தேர்வில் எழுதலாமா?" என்று புதுச்சேரி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டும் சரிதான். முன்னால் வரும் சின்னச் சொல்லைக் கவனியுங்கள். 'அன் பொல்' என்றால் ஒரு கிண்ணம்; 'த்யு பொல்' என்றால் அதிர்ஷ்டம். 'மாங்க் த பொல்' என்றால் அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை என்று பொருள்.

கிண்ணம் என்ற பொருள் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அது பிரெஞ்சுக்குள் நுழைந்த தடம் நம் பக்கமாகவும் போகிறது. இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சுப் பயணி லா புலே-ல-கூஸ், 1653இல் வெளியான நூலில், இங்கிருந்த ஆங்கிலேயர்கள் குடித்த 'பொல்பான்ஜ்' என்ற பானத்தைக் குறித்திருக்கிறார். சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, பிராந்தி, ஜாதிபத்திரி, வாட்டிய பிஸ்கட் எல்லாம் சேர்ந்தது அது. கிண்ணத்தில் பரிமாறும் 'பஞ்ச்' மதுவின் ஆங்கிலப் பெயர்தான் அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. தனிச் சொல்லாக 'பொல்' பிரெஞ்சில் நிலைத்தது 18ஆம் நூற்றாண்டில்தான். இன்று அது காலைக் காபியோடு ஒட்டிய சொல். கைப்பிடி இல்லாத பெரிய கிண்ணத்தில் பால் காபி ஊற்றி, வெண்ணெய் தடவிய ரொட்டியை அதில் முக்கிச் சாப்பிடுவார்கள். பிரான்ஸின் வடமேற்கிலுள்ள பிரெத்தாஞ் பகுதிக் கிண்ணத்தில் இருபுறமும் குட்டிக் காதுகளும், உரியவரின் பெயரும் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பிரெஞ்சுப் பாத்திரம் அது.

அதிர்ஷ்டம் எப்படி வந்தது? கொச்சைப் பேச்சில் 'பொல்' பின்புறத்தைக் குறித்தது. பிரெஞ்சுக் கொச்சையில் பின்புறமும் அதிர்ஷ்டமும் சேர்ந்தே வரும். பானையைக் குறிக்கும் 'பொ' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். 'பொறுத்தது போதும்' என்ற சலிப்பைச் சொல்லும் 'ரா ல பொல்'லும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் இன்று யாரும் முகம் சுளிப்பதில்லை, செய்தித் தலைப்பிலேயே வரும்.

சரி, தேர்வுக்கு வருவோம். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் 'த்யு பொல்' தாராளமாக எழுதலாம். அலுவலகக் கடிதத்தில் வேண்டாம், அங்கே அதிர்ஷ்டத்துக்கான பொதுச் சொல்லான 'ஷான்ஸ்' போடுங்கள்.

அப்புறம், உயிரியல் பாடத்தில் 'பொல் அலிமாந்தேர்' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். மென்று விழுங்கும் உணவு உருண்டை அது. மண்கட்டி என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்த வேறு சொல். கிண்ணத்தைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது.